பெயரறியாக் கிருமியும் இருதய வால்வும்

வன்னிப் பெருநிலத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் குளத்தையும் காட்டையும் கூறிய கையோடு காய்ச்சலையும் கூறுவர். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலச் சிவில் அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலில், குளங்கள் உடைந்து குடிகள் அருகிய ஒரு நிலத்தின் தோற்றத்தைக் காணலாம். அத்தகைய நிலத்தில் வாழ்ந்தவனுக்கு மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய பெருங்கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அக்கொள்ளைநோயின் முழு வேகமும் தென்மேற்குப் பகுதிகளையே தாக்கியது. உலர்வலயமாகிய வன்னியிலோ மலேரியா பன்னெடுங்காலமாக நிலைகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டி.டி.ரி. தெளிப்பினாலும், பின்வந்த பல பத்தாண்டுக் கால உழைப்பினாலும் அது ஒடுங்கியது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நோய் ஒழிந்த பின்னரும் நோயைப் பற்றிய எண்ணம் எளிதில் ஒழிவதில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, உடல் வெளிறி, மண்ணீரலும் வீங்கியிருந்தால் அது மலேரியாவே எனக் கொள்ளுதல் உலர்வலயத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஆனால் இம்மூன்று குறிகளும் ஒருங்கே காணப்படும் வேறொரு நோயும் உண்டு. அது இருதயத்தின் உட்புறத்தே, வால்வுகளின் மேல் வளர்வது. மருத்துவர் அதனை இருதய உட்சவ்வு அழற்சி என்பர். வில்லியம் ஒஸ்லர் 1885இல் இலண்டனில் ஆற்றிய கல்ஸ்ரன் விரிவுரைகளில், இந்நோய் சிலரிடத்துக் குளிர்காய்ச்சல் போன்றும் வேறு சிலரிடத்து நெருப்புக்காய்ச்சல் போன்றும் உருமாறி வந்து மருத்துவரை ஏமாற்றும் என்பதை விளக்கினார். ஆகவே வன்னி போன்றதொரு நிலத்தில் மலேரியா என்னும் பெயரின் கீழ் இந்நோயால் இறந்தோர் எத்தனை பேர் என்பதை இனி எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

நோயின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். இருதயத்தின் நான்கு வால்வுகளும் குருதி ஒரு வழியே செல்லுமாறு திறந்து மூடும் மெல்லிய இதழ்களால் ஆனவை. சிறு பராயத்தில் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் அவ்விதழ்களைத் தடிக்கச் செய்து வடுப்படுத்தும். வடுப்பட்ட இதழில் குருதி சுழித்து ஓடும். அவ்விடத்தில் நுண்ணிய உறைவுகள் படியும். பல், தோல் முதலியவற்றின் வழியாகக் குருதியிற் புகுந்த கிருமி அவ்வுறைவிலே குடியேறி முளைத்து, பூக்கோவாப் போன்றதொரு தசைப்பூவாக வளரும். அது இதழை அரித்துத் துளைக்கும். சிதறிப் பறந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அடைக்கும். உரோமாபுரியில் இருந்த லான்சிசி என்னும் மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய வளர்ச்சிகளைப் பிரேதத்திற் கண்டு எழுதினார். ஆனால் அவ்வளர்ச்சியினுள் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன என்பதை நுண்காட்டியின் மூலம் காட்டியவர் நோர்வே நாட்டு வின்கே. அவர் கிறிஸ்தியானியா நகரில், இன்றைய ஒஸ்லோவில், 1869இல் ஒரு நோயாளியின் பிரேதப் பரிசோதனையில் அதனைக் கண்டார்.

இதே காலப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நடந்ததொன்று குறிப்பிடத்தக்கது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலையும், 1872இல் 'வைத்தியாகரம்' என்னும் மருத்துவ நூலையும் தமிழில் வெளியிட்டார். மேலைநாட்டுச் சத்திரசிகிச்சை தமிழ் மொழியிற் பேசத் தொடங்கிய காலம் அது. எனினும் கத்தி தொடக்கூடாத உறுப்பாகவே இருதயம் அன்று உலகெங்கும் எண்ணப்பட்டது. பிராங்பேர்ட் நகரில் லூட்விக் றேன் கத்திக் குத்துப்பட்ட ஒரு இளைஞனின் இருதயத்தைத் தைத்து உயிர் பிழைக்கச் செய்தது 1896இல். வால்வுச் சத்திரசிகிச்சை வழக்கமாக வேரூன்றுதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

கிருமியின் பெயரை அறியும் கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது. நோயாளியின் நாளத்திலிருந்து குருதியை எடுத்து, கிருமி உண்டு வளரத்தக்க ஊடகத்தில் இட்டு, இளஞ்சூட்டில் வைத்துப் பார்ப்பதே குருதி வளர்ப்புச் சோதனை. இதில் வல்லவராக விளங்கியவர் நியூயோர்க்கின் இமானுவேல் லிப்மன். 1911 பெப்ரவரியில் இசைமேதை குஸ்தாவ் மாலர் நோயுற்றபோது லிப்மன் அழைக்கப்பட்டார். அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் பேயர் குருதியை எடுத்தார். சில நாட்களில் ஸ்ரெப்ரோகொக்கசு கிருமி தெளிவாக வளர்ந்தது. மாலர் தம் நோயின் பெயரை அறிந்துகொண்டார். அதற்குமேல் மருத்துவத்தால் அவருக்குச் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அதே ஆண்டு மே 18ஆம் நாள் வியன்னாவில் காலமானார். அன்று பெயர் இருந்தது, மருந்து இருக்கவில்லை. இன்று மருந்தும் கத்தியும் உள்ளன. பெயர்தான் சில வேளைகளிற் கிடைப்பதில்லை.

பெயர் கிடையாமை புதிய செய்தியன்று. நோயின் எல்லாக் குறிகளும் இருக்க, குருதியிற் கிருமி காணப்படாத சிலரை லிப்மனே கண்டு, கிருமியற்ற நிலை என 1913இல் விவரித்தார். அவர்களிடத்துக் கிருமி தானாகவே அழிந்துவிட்டது; ஆயினும் அரிக்கப்பட்ட வால்வு அவர்களைக் கொன்றது. இதனை ஆழ்ந்து நோக்கல் தகும். கிருமி இல்லாது போனபின்பும் நோய் கொல்லும் என்றால், கிருமியின் பெயர் ஒன்றே நோயாளியின் தலைவிதியைத் தீர்மானிப்பதன்று. அதே லிப்மன் 1924இல் சாக்ஸ் என்பவரோடு சேர்ந்து, கிருமியே இன்றி வால்வில் வளரும் வேறு வகைத் தசைப்பூக்களையும் வெளிப்படுத்தினார். அவை உடலின் தற்காப்பு ஆற்றல் உடலையே தாக்கும் லூபஸ் என்னும் நோயைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெளிந்தது. குருதியிற் கிருமி காணப்படாத நோயாளியின் நெஞ்சைத் திறக்குமுன் இக்கால மருத்துவர் இவ்வகையையும் நினைந்து பார்ப்பர்.

1944இல் புரூக்லினில் லியோ லோவியும் உடனிருந்தோரும் இந்நோயுற்ற எழுவரைப் பெனிசிலினால் குணப்படுத்தியதாக அறிவித்தனர். அதுவரை ஏறத்தாழ எல்லோரையும் கொன்ற நோய் பிழைக்கக்கூடியதாயிற்று. ஆனால் அம்மருந்தே ஒரு புதிய இடர்ப்பாட்டையும் கொண்டுவந்தது. காய்ச்சல் என்று வந்தவனுக்கு, குருதி எடுக்காமலே, நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் சில நாட்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. காய்ச்சல் தணிகிறது. குருதியில் உலாவிய கிருமிகள் அழிந்துவிடுகின்றன. தசைப்பூவின் ஆழத்தில் மறைந்தவை அழிவதில்லை. இரண்டு கிழமை கழிந்து காய்ச்சல் மீள்கிறது, மீண்டும் மாத்திரை. இவ்வாறு மாதங்கள் சென்று, மூச்சு வாங்கும் நிலையில் அந்நோயாளி பெரிய வைத்தியசாலையை அடையும்போது எடுக்கப்படும் குருதியில் ஒன்றும் வளர்வதில்லை. கிருமி காணப்படாமைக்கு இன்று கூறப்படும் காரணங்களுள் முதலாவது இதுவே. இந்தியாவின் பெரிய வைத்தியசாலைகள் வெளியிட்ட அறிக்கைகள் பலவற்றில் கிருமி காணப்படாதோரின் பங்கு மேலைநாடுகளிலும் மிகக் கூடுதலாக இருப்பதற்கும் இதனையே முதன்மையாகக் காட்டுவர். பெயரறியாக் கிருமி என்பதிற் பெரும்பகுதி இயற்கையின் மறைபொருளன்று. மனிதர் தாமே அழித்துவிட்ட தடயம்.

இதற்கு மாற்று எளிது. நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் வேளையைக் கொடுக்குமுன், கையின் வெவ்வேறு நாளங்களிலிருந்து அரை மணி நேர இடைவெளிகளில் மூன்று முறை, ஒவ்வொரு போத்தலுக்கும் ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் குருதி எடுத்தல் வேண்டும். நோயாளி அதிர்ச்சி நிலையிலிருந்தால் மருந்தைத் தாமதிக்கலாகாது என்பது உண்மை. ஆனால் இந்நோய் பெரும்பாலும் கிழமைக்கணக்கில் மெல்ல வளர்வது. ஆகவே நெடுநாட் காய்ச்சலோடு நடந்து வந்தவனுக்கு ஒரு மணி நேரம் பொறுப்பதால் தீங்கில்லை. இருதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கும் எந்நோயாளிக்கும், முன்பு வாதக் காய்ச்சல் வந்த எவருக்கும், இது தவறாது செய்யத்தக்கது.

வன்னியில் இச்செய்தி ஏன் தனிப்பட்ட கனமுடையதாகிறது என்பதற்குத் தூரமும் போரும் காரணங்களாகும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 255 கிலோமீற்றர். நெஞ்சைத் திறந்து செய்யும் இருதய சத்திரசிகிச்சை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. அதற்குமுன் வால்வு கெட்டவன் கொழும்புக்கோ, பொருள் தேடிக் கடல் கடந்து வேலூருக்கோ செல்லவேண்டியிருந்தது. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்காக, நீடித்துச் செயற்படும் பெனிசிலின் ஊசி ஏற்றவேண்டும். அதனைத் தவறவிட்டால் வால்வு மேலும் கெடும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி எங்கே, ஊசி எங்கே? 2009 பெப்ரவரி தொடக்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு நோயாளரும் காயமடைந்தோரும் கப்பலில் ஏற்றப்பட்ட அந்நாட்களில் மாத ஊசியை நினைத்தவர் எத்தனை பேர்? நெருங்கி வாழும் முகாம்களில் தொண்டை நோவு எளிதிற் பரவும் என்பது எந்நாட்டு மருத்துவ நூலும் கூறுவது. அன்று சிறுவராயிருந்தோர் இன்று இருபதுகளையும் முப்பதுகளையும் அடைந்துள்ளனர். வடுப்பட்ட வால்வின் துன்பம் வெளிப்படும் பருவம் இதுவே.

மருந்தால் மறைக்கப்படாமலே, இயல்பாகவே சாதாரண ஊடகத்தில் வளராத கிருமிகளும் உள. 1937இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் டெறிக் என்பவர் இறைச்சித் தொழிலாளரிடத்துக் கண்ட 'கியூ காய்ச்சல்' கிருமி இவற்றுள் முதன்மையானது. உயிர்க்கலத்தினுள்ளேயே வாழும் அது ஆடு மாடுகளின் ஈற்றுக் கழிவுகளிலிருந்து தூசியோடு மனிதனின் மூச்சிற் புகும். பூனையாலும் உடற்பேனாலும் பரவும் பாட்டனெல்லா என்பது மற்றொன்று. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், குருதியிற் கிருமி காணப்படாத 759 நோயாளரைப் பலவகைச் சோதனைகளுக்கு உட்படுத்தி, அவர்களுள் ஐந்தில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோரிடத்துக் கிருமியைக் கண்டுபிடித்தனர். கியூ காய்ச்சலே முன்னணியில் நின்றது. அதற்கு டொக்சிசைக்கிளினும் ஐதரொக்சிகுளோரோகுவினும் குறைந்தது 18 மாதம் கொடுக்கவேண்டும். வழக்கமான ஆறு கிழமை மருந்தால் அது தீராது. மாட்டுப் பட்டிகள் நிறைந்த வன்னியில், 'வீட்டில் ஆடு மாடு உண்டா? கன்று ஈன்றபோது யார் பார்த்தது? பச்சைப் பால் குடிப்பதுண்டா?' என்று வைத்தியர் கேட்பது வீண்பேச்சன்று. விலைகூடிய எந்தக் கருவியும் வேண்டாத சோதனை அது.

இனிச் சத்திரசிகிச்சை. 1953இல் ஜோன் கிப்பன் இருதய நுரையீரல் பொறியின் உதவியோடு ஒரு பெண்ணின் இருதயத்தைத் திறந்து மூடினார். 1960இல் ஸ்ராரும் எட்வேட்ஸும் அமைத்த செயற்கை வால்வு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1961இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இருதய சத்திரசிகிச்சை நடைபெற்றது. அத்துறையை அங்கு நிறுவியவர் றீவ் பெற்ஸ். தென்னாசியாவிலேயே ஆக்கப்பட்ட சித்திரா வால்வு, வலியத்தான் தலைமையில், திருவனந்தபுரத்தில் 1990 டிசெம்பரில் முதன்முறை நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எனினும் கிருமி உயிரோடிருக்கும் வால்வை வெட்டியெடுத்து அவ்விடத்தில் அந்நியப் பொருளை வைத்தல் மடமை என்றே முதலிற் கருதப்பட்டது. புதிய வால்வையும் கிருமி பற்றும் என அஞ்சினர். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொலஸும் உடனிருந்தோரும், நோய் முற்றியெரியும் நிலையிலேயே ஒருவரின் வால்வை மாற்றி அவரைப் பிழைக்கச் செய்த வரலாற்றை வெளியிட்டனர். அச்சத்தின் அடித்தளம் அத்துடன் ஆட்டங்கண்டது.

இன்று சத்திரசிகிச்சைக்குரிய காரணங்கள் மூன்றெனக் கொள்வர். வால்வு கிழிந்து இருதயம் தளர்தல், மருந்துக்கு அடங்காது சீழ்க்கட்டு முதலியன உண்டாதல், தசைப்பூ பெரிதாகிச் சிதறும் ஆபத்து ஆகியன அவை. இம்மூன்றில் ஒன்றேனும் கிருமியின் பெயரைச் சார்ந்து நிற்பதன்று என்பது கவனிக்கத்தக்கது. அடங்காமையை மதிப்பிடும்போது பெயர் தெரிதல் துணைசெய்யும். ஆயினும் தளர்ந்துவரும் இருதயத்தைக் காண்பதற்கு எதிரொலிப் படமும் மருத்துவரின் கண்ணும் போதும்.

விளைவுகளைக் கூறும் எண்கள் எவை? 25 நாடுகளில் 2000 முதல் 2005 வரை திரட்டப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில் 2,781 நோயாளர் இடம்பெற்றனர். அவர்களுள் பத்தில் ஒருவரிடத்துக் கிருமி காணப்படவில்லை. ஏறத்தாழ அரைவாசிப் பேர் சத்திரசிகிச்சை பெற்றனர். நூற்றுக்குப் பதினெட்டு வீதமானோர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். இவ்வளவு மருந்தும் கத்தியும் வந்தபின்னரும் ஆறில் ஒருவருக்கு மேல் இறக்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது. ஐரோப்பிய இருதயவியற் சங்கத்தின் பிந்திய பதிவேட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். கிருமி காணப்படாதோர் ஏறத்தாழ 17 வீதம். அவர்களின் இறப்பு மற்றையோரிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் பிரித்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சை பெறாதோரிடத்தே இறப்பு மிக்கிருந்தது. பெற்றவர்கள், கிருமி தெரிந்தவராயினும் தெரியாதவராயினும், தெளிவாக மேம்பட்ட நிலையிலிருந்தனர்.

இவ்வெண்களை அப்படியே விழுங்கிவிடலும் ஆகாது. கத்தியைத் தாங்கமாட்டார் என விடப்பட்டவர்களும் சத்திரசிகிச்சை பெறாதோர் வரிசையிலேயே சேர்கின்றனர். அவர்கள் இறப்பது சத்திரசிகிச்சை கிடையாமையினால் மட்டுமன்று. இக்குறையை ஒருவாறு நீக்குவது கொரியாவில் நடந்து 2012இல் வெளிவந்த சோதனை. வால்வு மிகக் கெட்டு, பெரிய தசைப்பூவும் உள்ள 76 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 48 மணி நேரத்துள் சத்திரசிகிச்சை செய்தனர். மறு பிரிவினர் வழக்கமான முறையில் வைத்துப் பார்க்கப்பட்டனர். ஆறு கிழமையில், இறப்பும் அடைப்பும் சேர்த்து, முதற் பிரிவில் நூற்றுக்கு 3, மறு பிரிவில் நூற்றுக்கு 23. வேறுபாடு முழுவதும் அடைப்பினால் வந்தது. இறப்பு எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. நோயாளர் தொகையும் சிறிது. ஆயினும் மூளையில் ஓர் அடைப்பு என்பது வயல் செய்பவனுக்குக் கையும் காலும் போவது. அதனைத் தடுத்தல் சிறு பயன் எனக் கூறத் துணிபவர் யார்?

ஆகவே பெயரறியாக் கிருமியுள்ளவர் மற்றையோரினும் கூடுதலாக இறப்பதற்குப் பெயர் தெரியாமை ஒரு பங்கே காரணமாகும். பெரும்பங்கு காலதாமதத்தைச் சாரும் எனக் கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெயர் வரட்டும் எனக் காத்திருந்து வால்வு கிழியும் நாளைத் தவறவிடுதல், சரியான மருந்து எதுவெனத் தெரியாது கிழமைகளைக் கழித்தல், தொலைவிலுள்ள வைத்தியசாலைக்குப் பிந்தி அனுப்புதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். சத்திரசிகிச்சைக்கு வேறொரு பயனும் உண்டு. வெட்டியெடுத்த வால்வின் துண்டை நுண்காட்டியிற் பார்க்கலாம். அதிலுள்ள கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கி, இறந்த கிருமியையும் இனங்காணலாம். குருதி சொல்லாத பெயரைப் பல வேளைகளில் வால்வு சொல்லிவிடுகிறது. அப்பெயரைக் கொண்டு சத்திரசிகிச்சைக்குப் பின்னான மருந்தும் அதன் கால அளவும் தீர்மானிக்கப்படும். அத்துண்டை முழுவதும் போர்மலினில் இட்டுவிடாது, ஒரு பகுதியை வளர்ப்புக்கும் மரபணுச் சோதனைக்கும் தூய கொள்கலத்தில் வைப்பது சிறு செயலாயினும் மறக்கப்படுவதுண்டு.

சத்திரசிகிச்சை முடிந்து வன்னிக்குத் திரும்பியவனின் கதை பெரும்பாலும் நூல்களில் எழுதப்படுவதில்லை. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் குருதி உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும். அம்மாத்திரை குறைந்தால் உறைவு, கூடினால் குருதிப்பெருக்கு. ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையை ஒழுங்காகச் செய்து அளவைத் திருத்தவேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ வாழும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாட் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் ஆகும். விலங்கின் இழையத்தால் ஆன வால்வுக்கு நெடுநாள் வார்ஃபரின் வேண்டியதில்லை. ஆனால் இளம் வயதினரிடத்து அது விரைவிற் கெட்டு, இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். பிள்ளை பெற விரும்பும் இளம் பெண்ணுக்கு வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதும் சேர்ந்துகொள்ளும். எந்த வால்வு எனத் தீர்மானிக்கும்போது நோயாளியின் ஊரிலிருந்து குருதிச் சோதனை நிலையம் எவ்வளவு தூரம் என்பதும் ஒரு மருத்துவக் கேள்வியே. செயற்கை வால்வு பூண்டவருக்கு நோய் மீண்டும் பற்றும் வாய்ப்பும் கூடுதல். பல் பிடுங்குமுன் நுண்ணுயிர்க்கொல்லி ஒருவேளை எடுத்தலும், காய்ச்சல் வந்தால் மாத்திரை விழுங்குமுன் குருதி கொடுத்தலும் அவர்களுக்கு வாழ்நாட் கடமையாகும்.

நோயை உறுதிசெய்யும் விதிகளும் காலத்தோடு மாறி வந்துள்ளன. டியூக் விதிகள் 1994இல் வெளிவந்து, 2000இல் திருத்தப்பட்டு, 2023இல் மீண்டும் விரிக்கப்பட்டன. குருதியில் வளராத கிருமிகளை மரபணுச் சோதனையாற் கண்டாலும் அது சான்றாகும் என இறுதித் திருத்தம் ஏற்றுக்கொண்டது. அதோடு, சத்திரசிகிச்சை நிபுணர் நெஞ்சைத் திறந்தபோது வால்வில் நேரிற் கண்ட அழிவையும் தனியொரு பெருஞ்சான்றாக அது சேர்த்தது. 1869இல் வின்கே பிரேதத்திற் பார்த்ததை, உயிரோடிருப்பவனின் இருதயத்தில், அவன் பிழைக்கும் பொருட்டு, இன்று நிபுணர் பார்க்கிறார்.